ஓர் ஆர்.பி.ஜி. கேமை எடைபோடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ரோல்-பிளேயிங் கேம் (சுருக்கமாக ஆர்.பி.ஜி., ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் கேம்) என்ற முத்திரையை இன்று எதன் மீதும் ஒட்டிவிடுகிறார்கள். எதிரியை வீழ்த்தினால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் லெவல், லெவல் உயர்ந்தால் புதிய வாள். இவ்வளவு இருந்தாலே ஆர்.பி.ஜி. என்று விற்கிறார்கள். கார் பந்தயத்திலும் கால்பந்திலும்கூட லெவல் வந்துவிட்ட காலத்தில், அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

என் அளவுகோல் வேறு. நல்ல ஆர்.பி.ஜி. ஆட வருபவரிடம் "நீ யார்?" என்று கேட்கிறது. அவர் சொல்லும் பதிலுக்கு ஒரு விலை வைக்கிறது. பிறகு அந்தப் பதிலைக் கடைசிவரை மறக்காமல் இருக்கிறது. கேட்பது எளிது, எல்லா கேம்களும் கேட்கின்றன. விலை வைப்பதிலும் நினைவில் வைத்திருப்பதிலும்தான் பெரும்பாலானவை தவறிவிடுகின்றன.

இதைச் சோதிக்க முழு கேமையும் முடிக்க வேண்டியதில்லை. கீழே உள்ள முதல் நான்கு படிகளைத் தொடக்கத்தின் சில மணி நேரத்திலேயே செய்து பார்த்துவிடலாம். சொந்தமாக கேம் எழுத நினைப்பவர்களும் இதே படிகளைத் தங்கள் வரைவின் மீது போட்டுப் பார்க்கலாம். சில கதைத் திருப்பங்களைச் சொல்லாமல் விளக்க முடியாது. புகழ்பெற்ற பழைய கேம்களிலிருந்தே அவற்றை எடுத்திருக்கிறேன்.

படி 1: பாத்திரத்தை உருவாக்கும்போது எதை இழக்கிறீர்கள் என்று பாருங்கள்

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மேசை விளையாட்டில் ஒரு பாத்திரத்துக்கு ஆறு குணங்கள்: வலிமை, சுறுசுறுப்பு, உடல் உறுதி, அறிவு, விவேகம், வசீகரம். இன்றைய கணினி ஆர்.பி.ஜி.-களில் பல இந்த ஆறின் வழித்தோன்றல்கள்தாம். எல்லாவற்றிலும் சிறந்தவராக இருக்க முடியாது என்பதுதான் அந்த அமைப்பின் உயிர்நாடி.

எனவே முதல் திரையில் எதைப் பெறுகிறோம் என்பதை விட்டுவிட்டு, எது இல்லாமல் போகிறது என்று கவனியுங்கள். டிம் கெய்ன் தலைமையில் உருவாகி 1997-இல் வந்த 'ஃபால்அவுட்' இதற்கு இன்றும் நல்ல பாடம். அதில் அறிவுப் புள்ளியை மிகக் குறைவாக வைத்துத் தொடங்கினால், உங்கள் பாத்திரத்தால் ஒரு முழு வாக்கியம் பேச முடியாது. உரையாடல் தேர்வுகள் முனகல்களாகச் சுருங்கிவிடுகின்றன. மற்றவர்கள் உங்களிடம் பொறுப்பான வேலை எதையும் ஒப்படைப்பதில்லை. அதே ஊர், அதே மனிதர்கள், ஆனால் நீங்கள் வேறொருவர் என்பதால் அது வேறொரு கேமாக மாறிவிடுகிறது. ஒரு எண்ணை மாற்றியதற்காக எழுத்தாளர்கள் உரையாடல்களை மறுபடி எழுதியிருக்கிறார்கள். அந்த உழைப்பின் மீது எனக்கு இன்றும் மதிப்பு குறையவில்லை.

பத்து மணி நேரம் ஆடிய பிறகும் உங்கள் மந்திரவாதி வாளும் வீசுகிறான், பூட்டும் உடைக்கிறான், வியாபாரியையும் மயக்குகிறான் என்றால், முதல் திரையில் நீங்கள் செய்த தேர்வு வெறும் உடை மாற்றம்தான்.

ஜப்பானிய ஆர்.பி.ஜி.-களில் நாயகன் யார் என்பதைப் பெரும்பாலும் கதையே முடிவு செய்துவிடுகிறது. அவற்றில் இழப்பை வேறு இடத்தில் தேட வேண்டும். 2008-இல் வந்த 'பெர்சோனா 4'-இல் உங்கள் கையில் இருப்பது நாட்காட்டி. பள்ளி முடிந்த பிறகான மாலைப்பொழுதை ஒரு நண்பனுடன் கழித்தால் இன்னொருவரைப் பார்க்க முடியாது. சண்டைக்குப் போனால் யாரையுமே பார்க்க முடியாது. கதையின் ஓராண்டு கழியும்போது யாருக்கு நேரம் கொடுத்தீர்கள் என்பதே நீங்கள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறது. வழி வேறு என்றாலும் விலை இருக்கிறது.

படி 2: முதல் ஊரின் சிக்கலை மூன்று விதமாகத் தீர்க்க முயலுங்கள்

தொடக்க ஊர்தான் ஒரு கேமின் உண்மையான வாக்குறுதி. அதை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள்.

2010-இல் ஆப்சிடியன் நிறுவனம் உருவாக்கிய 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' குட்ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. ஒரு வணிகர் அங்கே ஒளிந்திருக்கிறார். அவரைப் பிடிக்கச் சிறையிலிருந்து தப்பிய ஒரு கும்பல் வருகிறது. ஊரைக் காப்பாற்றுவதானால் நேராகத் துப்பாக்கியை எடுக்கலாம். வெடிபொருள் திறன் இருந்தால், ஊர்ப் பெரியவர் ஒருவர் பதுக்கி வைத்திருக்கும் டைனமைட்டைக் கேட்டு வாங்கலாம். மருத்துவம் தெரிந்தால் மருத்துவரிடம் மருந்து பெறலாம். பேரம் பேசத் தெரிந்தால் கடைக்காரரைச் சம்மதிக்க வைத்து ஊராருக்குப் பொருட்கள் தரச் செய்யலாம். இவ்வளவும் வேண்டாமென்றால் கும்பலோடு சேர்ந்து ஊரையே கைப்பற்றலாம்.

இதில் நான் மிகவும் மதிப்பது வழிகளின் எண்ணிக்கையை அல்ல. வெடிபொருள் திறன் என்பது வெடிக்கும் சேதத்தைக் கூட்டும் எண்ணாக மட்டும் நிற்காமல், ஒரு கிழவரோடு பேசும்போதும் பயன்படுகிறது. பாத்திரத்துக்குத் தெரிந்தது சண்டையில் மட்டும் தெரிந்தால் போதாது. அது அவர் பேச்சிலும் பார்வையிலும் கலந்திருக்க வேண்டும். உங்கள் கேமில் முதல் ஊர் எந்தப் பாத்திரத்துக்கும் ஒரே மாதிரி முடிகிறதா? அப்படியானால் இருபதாவது ஊரும் அப்படித்தான் இருக்கும்.

படி 3: தோற்றுப் பாருங்கள், உடனே பழைய 'சேவ்'-ஐ (சேமித்து வைத்த கட்டத்தை) லோட் செய்யாதீர்கள்

இது கடினமான படி. கை தானாகவே லோட் பொத்தானுக்குப் போகும். அதை அடக்கிக்கொண்டு, தோல்விக்குப் பிறகு கேம் என்ன செய்கிறது என்று பாருங்கள். மகத்தான ஆர்.பி.ஜி.-யை நல்ல ஆர்.பி.ஜி.-யிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்த இடம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

2019-இல் வந்த 'டிஸ்கோ எலிசியம்' முழுக்க முழுக்க இந்த எண்ணத்தின் மீது கட்டப்பட்டது. குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்துவிட்ட ஒரு துப்பறிவாளர், ரெவச்சோல் என்ற நகரில் ஒரு கொலையை விசாரிக்கிறார். வழக்கமான சண்டை முறை இல்லை. 24 திறன்கள் இருக்கின்றன. அவை வெறும் எண்களாக இல்லாமல் அவர் தலைக்குள் குரல்களாகப் பேசுகின்றன. ஒன்று தத்துவம் பேசும், இன்னொன்று போதைக்குத் தூண்டும், மற்றொன்று எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறார் என்று எச்சரிக்கும். ஒரு திறனை அதிகமாக வளர்த்தால் அதன் குரல் மற்றவற்றை அமுக்கிவிட்டு உங்களைத் தவறான வழியிலும் இழுத்துச் செல்லும்.

முக்கியமான செயல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பகடைகள் உருள்கின்றன. இரண்டிலும் ஆறு விழுந்தால் எவ்வளவு கடினமான செயலும் வெற்றி. இரண்டிலும் ஒன்று விழுந்தால் எவ்வளவு திறமைசாலிக்கும் தோல்வி. உடல் பலத்தைப் புறக்கணித்துப் பாத்திரம் உருவாக்கியவர்கள், முதல் அறையிலேயே மின்விசிறியில் தொங்கும் டையை எடுக்க முயன்று மாரடைப்பில் இறந்துபோவதும் உண்டு. ஆனால் பெரும்பாலான தோல்விகள் கதையை நிறுத்துவதில்லை. வேறு பக்கம் திருப்புகின்றன. விடுதிக் கட்டணத்தைக் கட்டாமல் தப்பி ஓடப் பார்க்கலாம். அதில் தோற்றால், துப்பறிவாளர் மேலாளரைப் பார்த்துச் சைகை காட்டியபடியே பின்னோக்கிப் பாய்ந்து, சக்கர நாற்காலியில் இருக்கும் மூதாட்டி மீது போய் மோதுகிறார். ஓடிப்போயிருந்தால் அந்த மனிதரைப் பற்றி நமக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. மோதியதால் அவர் எவ்வளவு சிதைந்து போயிருக்கிறார் என்பது வலிக்கும்படி தெரிகிறது.

எழுதுபவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: தோல்விக் காட்சிக்கு வெற்றிக் காட்சிக்குரிய அதே கவனத்தைக் கொடுங்கள். "முயற்சி தோல்வி" என்று ஒரு வரி மட்டும் வந்தால், ஆடுபவர் லோட் செய்வார். அவரைக் குறை சொல்ல முடியாது.

படி 4: யாரும் பார்க்காத ஒரு சிறு காரியத்தைச் செய்யுங்கள்

1985-இல் ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய 'அல்டிமா 4'-இல் மந்திர மூலிகைகள் விற்பவர்களுக்குக் கண் தெரியாது. வாங்கிய பொருளுக்கு எத்தனை காசு வைக்கிறீர்கள் என்பதை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். குறைத்து வைத்தாலும் வியாபாரம் முடிந்துவிடும். தடுக்க ஆள் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஆனால் உங்கள் நேர்மை குறைந்திருப்பதை கேம் சத்தமில்லாமல் குறித்துக்கொள்கிறது. எட்டு அறங்களில் தேர்ச்சி பெறுவதே குறிக்கோளாக இருக்கும் அந்த கேமில், ஏன் முன்னேற முடியவில்லை என்று பல மணி நேரம் கழித்துத்தான் உறைக்கும். கடைசியில் வீழ்த்த வேண்டிய கொடிய வில்லன் என்று அதில் எவரும் இல்லை. நாற்பது ஆண்டுகள் ஆகியும் இந்தத் துணிச்சலை எட்டிய கேம்கள் குறைவு.

பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1995-இல், ஜப்பானின் 'க்ரோனோ ட்ரிகர்' இதையே வேறு விதமாகச் செய்தது. தொடக்கத்தில் ஒரு திருவிழா. ஓர் இளம்பெண் மோதி விழுகிறாள். முதலில் அவளைத் தூக்குகிறீர்களா, அவள் தவறவிட்ட பதக்கத்தை எடுக்கிறீர்களா? மேசை மீது யாருடைய உணவோ இருக்கிறது, எடுத்துச் சாப்பிடுகிறீர்களா? ஒரு சிறுமியின் பூனையைத் தேடித் தருகிறீர்களா? எதுவும் தேர்வு என்று அறிவிக்கப்படுவதில்லை. பிறகு ஒரு நீதிமன்றக் காட்சியில் நாயகன் குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது, இவை ஒவ்வொன்றும் சாட்சியமாக வந்து நிற்கின்றன. தீர்ப்பு எதுவானாலும் அவர் சிறைக்குத்தான் போகிறார். கதை பெரிதாகப் பிரிவதில்லை. இருந்தும் ஆடியவர்கள் மறக்காமல் சொல்லும் காட்சி அது. கதை நூறு கிளைகளாகப் பிரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாம் செய்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள் என்ற உணர்வு வந்தால் போதும்.

அண்மைக் காலத்தில், பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3'-இல் இறந்தவர்களோடு பேச ஒரு மந்திரம் உண்டு. ஒரு பிணத்திடம் கேள்விகள் கேட்கலாம். ஆனால் அவரைக் கொன்றது நீங்களே என்றால், பிணம் உங்களோடு பேச மறுத்துவிடும். உருவத்தை மாற்றிக்கொண்டு போனால் பேசும். 'அண்டர்டேல்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. டோபி ஃபாக்ஸ் 2015-இல் வெளியிட்ட அந்தச் சிறிய கேமில், தாய்போல் பார்த்துக்கொண்ட டோரியலைக் கொன்றுவிட்டு, மனம் கேட்காமல் பழைய சேவுக்குத் திரும்பி அவரை உயிரோடு விட்டால், அடுத்து வரும் பாத்திரம் நீங்கள் முன்பு என்ன செய்தீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். லோட் பொத்தானைக்கூட அது மறப்பதில்லை.

உங்கள் சோதனை எளிது. ஒரு வீட்டில் திருடிவிட்டு மறுநாள் அங்கே போங்கள். ஒருவரிடம் ஒன்றும், இன்னொருவரிடம் அதற்கு நேர்மாறாகவும் சொல்லிப் பாருங்கள். போர்க்கவசம் அணியாமல் அரசவைக்குள் நுழையுங்கள். யாராவது ஒரு வார்த்தை சொல்கிறார்களா என்று காத்திருங்கள்.

படி 5: வளர்ச்சி கண்ணுக்குத் தெரிகிறதா?

ஜெர்மனியின் பிரான்யா பைட்ஸ் நிறுவனம் 2001-இல் தந்த 'கோதிக்'-இல், பயிற்சி இல்லாத நாயகன் வாளைப் பிடிக்கும் விதமே தடுமாற்றமாக இருக்கும். ஆசானைத் தேடிச் சென்று கற்ற பிறகு அவன் நிற்கும் தோரணை மாறுகிறது, வீச்சு சீராகிறது. திரையில் எண் எதையும் பார்க்காமலே வளர்ந்திருக்கிறான் என்று சொல்லிவிடலாம். தொடக்கத்தில் அவனை ஓடவைத்த காட்டு விலங்கை, பல மணி நேரம் கழித்து அவன் எளிதாக எதிர்கொள்ளும்போது கிடைக்கும் நிறைவை எந்தப் பரிசுப் பெட்டியும் தராது.

இதற்கு நேரெதிர் உதாரணம் 2006-இன் 'ஆப்லிவியன்'. பல வகையில் எனக்குப் பிடித்த கேம் அது. காட்டுவழியில் நடப்பதே இன்பம். ஆனால் உங்கள் லெவல் உயர உயர எதிரிகளும் கூடவே உயர்ந்தார்கள். வழிப்பறி செய்து பிழைக்கும் கொள்ளையர்கள், பிற்பகுதியில் மிக விலையுயர்ந்த கவசம் அணிந்து வந்து சில்லறை கேட்டார்கள். வலுவடைந்ததற்கு எந்த அடையாளமும் எஞ்சவில்லை. 'ஆப்லிவியன்'-ஐ உருவாக்கிய பெதெஸ்டா நிறுவனமே 2002-இல் வெளியிட்ட 'மோரோவிண்ட்'-இல் உலகம் பெரும்பாலும் உங்களுக்காக வளைந்து கொடுக்கவில்லை. போகக்கூடாத இடத்துக்குப் போனால் இறப்பீர்கள். வழி காட்டும் அம்புக்குறியும் கிடையாது. "பாலத்தைக் கடந்து, ஆற்றை ஒட்டித் தெற்கே போ" என்று ஒருவர் சொன்னதை நம்பித் தேடிப் போக வேண்டும். கதைக்கு இன்றியமையாத ஒருவரைக் கொன்றால், விதியின் இழை அறுந்துவிட்டது என்று ஒரு செய்தி வரும். அதன் பிறகும் ஆடவிடும்.

படி 6: சண்டை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சண்டை சிறப்பாக இருந்தால் மகிழ்ச்சி. 2017-இன் 'டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2'-இல் எண்ணெயைக் கொட்டித் தீ வைக்கவும், தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சவும் முடிந்ததால் ஒவ்வொரு மோதலும் புதிதாக யோசிக்க வைத்தது. ஆனால் 1999-இன் 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்'-இல் சண்டை மந்தமானது, பல இடங்களில் எரிச்சலூட்டுவது. ஆனாலும் அது இந்த வகையின் உச்சங்களில் ஒன்று. பார்க்க வேண்டியது ஒன்றே: சண்டையைத் தவிர்க்க விரும்பும் பாத்திரத்துக்கு கேம் இடம் தருகிறதா, இல்லையா.

படி 7: கூட்டாளிகளை எதிர்த்துப் பாருங்கள்

நீங்கள் என்ன செய்தாலும் தலையாட்டும் கூட்டாளி, நடமாடும் ஆயுதம் மட்டுமே. 'பால்டர்ஸ் கேட் 3'-இல் அடைக்கலம் தேடி வந்தவர்கள் தங்கியிருக்கும் தோப்பை அழிக்கத் துணை நின்றால், கூட்டாளிகளான வில், கார்லாக் இருவரும் உங்களைவிட்டுப் போய்விடுவார்கள். பல மணி நேரம் வளர்த்த வலுவான ஆட்களை இழக்கிறீர்கள். அந்த இழப்பால்தான் அவர்கள் மனிதர்களாகிறார்கள்.

எப்போதும் போய்விட வேண்டும் என்றில்லை. 'டிஸ்கோ எலிசியம்'-இல் உடன் வரும் சக துப்பறிவாளர் கிம் கிட்சுராகி அதிகம் பேசாதவர். நீங்கள் அபத்தமாக ஏதாவது செய்யும்போது ஒரு சிறு இடைவெளி விட்டு, குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். அவருடைய நம்பிக்கையைக் காட்ட எண்ணோ கோடோ திரையில் இல்லை. ஆனாலும் அதைப் பெறுவதற்காக மக்கள் ஒழுங்காக நடக்கத் தொடங்குகிறார்கள். ஒரு கேமில் என்னை இவ்வளவு மரியாதையோடு நடக்க வைத்த துணைப் பாத்திரம் வேறில்லை.

படி 8: அறத்துக்கு நிறம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள்

2007-இல் தொடங்கிய 'மாஸ் எஃபெக்ட்' வரிசையில், நல்வழித் தேர்வுகள் நீல நிறத்திலும் கடுமையானவை சிவப்பிலும் வந்தன. ஒரு பக்கம் அதிகப் புள்ளி இருந்தால்தான் அந்தப் பக்கத்தின் வலுவான வசனங்கள் திறக்கும். விளைவு: பலர் சூழ்நிலையைப் படிக்காமல் நிறத்தைப் பார்த்தே அழுத்தினார்கள். பாத்திரங்கள் அற்புதமாக எழுதப்பட்ட ஒரு கேமில் இது நடந்தது வருத்தமான விஷயம்.

2015-இன் 'தி விட்சர் 3' அந்த நிறத்தை எடுத்துவிட்டது. ஒரு குன்றின் அடியில், பழைய மரத்துக்குள் அடைபட்ட ஓர் ஆவி விடுதலை கேட்கிறது. விடுவித்தால் சில குழந்தைகளைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறது. அது பேசுவது உண்மையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. விளைவு அங்கேயே வருவதும் இல்லை. 'பிளடி பாரன்' எனப்படும் ஒரு பிரபுவின் குடும்பக் கதையில், வெகுநேரம் கழித்து வருகிறது. குழந்தைகள் பிழைத்தால் அந்தக் குடும்பம் அழிகிறது. குடும்பத்தில் சிலர் பிழைத்தால் குழந்தைகள் இல்லை. விளைவைத் தள்ளி வைத்ததால் பழைய சேவுக்குத் திரும்புவதும் வீண். முடிவோடு வாழ வேண்டியதுதான்.

படி 9: முடிவில், நீங்கள் உருவாக்கியவருக்கு இடம் இருக்கிறதா?

நாற்பது மணி நேரம் பேசியே பிழைத்த ஒருவரைக் கடைசியில் ஒரு பெரிய அரக்கன் முன்னால் நிறுத்திச் சுடச் சொல்லும் கேம்கள் நிறைய. முதல் 'ஃபால்அவுட்' 1997-லேயே இதைத் தாண்டிவிட்டது. மனிதர்களை எல்லாம் ஒரே புதிய இனமாக மாற்ற நினைக்கும் 'மாஸ்டர்' தான் அதன் வில்லன். சண்டையிட்டு வெல்லலாம். அவனுடைய இடத்தையே அணுகுண்டால் தகர்க்கலாம். அல்லது அந்தப் புதிய இனத்தால் பிள்ளை பெற முடியாது என்பதற்கான ஆதாரத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அவன் முன்னால் வைத்துப் பேசலாம். தன் திட்டம் முழுவதும் வீண் என்று உணர்ந்ததும் அவனே தன்னை முடித்துக்கொள்கிறான். அதன் பிறகு, நீங்கள் கடந்து வந்த ஊர்களுக்கு என்ன ஆனது என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். கட்டுமஸ்தான வீரனுக்கும், வாய்ச்சொல் வல்லவனுக்கும், தந்திரசாலிக்கும் தனித்தனி வாசல்.

எங்கிருந்து தொடங்குவது

இதுவரை ஆர்.பி.ஜி. ஆடியதே இல்லை என்றால் 'அண்டர்டேல்' எடுங்கள். பழைய கணினியிலும் ஓடும், ஒரு வார இறுதியில் முடியும். அடுத்தது 'க்ரோனோ ட்ரிகர்'. மொபைலிலும் கிடைக்கிறது, சுமார் 20 மணி நேரம். ஆங்கிலத்தில் நிறைய வாசிக்கத் தயார் என்றால் 'டிஸ்கோ எலிசியம்'. 2021-இல் வந்த 'ஃபைனல் கட்' பதிப்பில் எல்லா உரையாடல்களுக்கும் குரல் இருப்பதால் வாசிப்புச் சுமை குறைகிறது. 'பால்டர்ஸ் கேட் 3' எடுப்பதற்கு முன் கணினியில் 150 ஜிபி காலியிடம் இருக்கிறதா என்று பாருங்கள். நூறு மணி நேரத்தையும் ஒதுக்கி வையுங்கள். 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' ஆடுவதானால் 2017-இன் மேம்படுத்தப்பட்ட பதிப்பே வசதி. தொடக்கப் புள்ளிகளை வலிமையில் கொட்டாமல் விவேகத்திலும் அறிவிலும் வசீகரத்திலும் போடுங்கள். அந்தக் கதையின் சிறந்த உரையாடல்கள் அப்படிப் போட்டவர்களுக்குத்தான் திறக்கின்றன.